தேரி மண்ணுக்கு ஒரு நூற்றாண்டுக் கணக்கு

மண் பரிசோதனை நிலையத்தில் நான் வேலை பார்த்த காலத்தில் விவசாயிகள் ஓயாமல் கேட்ட கேள்வி ஒன்று உண்டு. “மக்களே, போன தடவதான் பாத்தாச்சே. மண்ணு எங்க போவும்?” கன்னியாகுமரி மாவட்டத்துப் பெரியவர்கள் மகள் வயதுப் பெண்ணை அப்படித்தான் கூப்பிடுவார்கள். மண் எங்கும் போகாது, பாட்டா. அதில் இருப்பது போகும், வரும் என்பேன். பயிர் எடுத்துக்கொள்ளும், உரம் கொண்டுவந்து சேர்க்கும், மழை கரைத்துக்கொண்டு போகும். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து மூன்றையும் பார்க்க இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மண்ணைக் கொண்டுவாருங்கள் என்று சொல்லி அனுப்புவேன்.

அணுகுண்டுச் சோதனைகளிலும் அணு உலை விபத்துகளிலும் காற்றில் ஏறி, மழையோடு இறங்கி, மண்ணில் தங்கிவிட்ட கதிரியக்கத் தூசிக்கு அந்தப் பதில் போதாது. அதை மூன்று நான்கு தலைமுறைக்கு விடாமல் அளக்க வேண்டும். ஒரே இடத்தில், ஒரே ஆழத்தில், ஒரே முறையில் அளக்க வேண்டும். அளந்து கிடைத்த எண்ணை அந்த மண்ணில் பாடுபடுகிறவர் கையில் கொடுக்க வேண்டும். பணி ஓய்வுக்குப் பிறகு இதைப் பற்றி நிறையப் படித்தேன். படிக்கப் படிக்க, இது விஞ்ஞானிகளுக்குள் முடிந்துவிடும் விஷயமில்லை, ஊரே கேட்டு வாங்க வேண்டிய உரிமை என்ற எண்ணம்தான் வலுத்தது.

மண்ணில் நீண்ட காலம் தங்குவதில் முக்கியமானது சீசியம்-137. அதன் அரை ஆயுள் ஏறத்தாழ 30 ஆண்டுகள். 1986ல் ஒரு நிலத்தில் 100 பங்கு விழுந்தது என்றால் 2016ல் 50 பங்கு, 2046ல் 25 பங்கு. ஆயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்க 300 ஆண்டுகள் பிடிக்கும். ஸ்ட்ரான்சியம்-90க்கும் ஏறக்குறைய அதே வயதுதான். விபத்து நடந்த முதல் வாரங்களில் எல்லோரும் அஞ்சும் அயோடின்-131 எட்டு நாளில் பாதியாகும். மூன்று மாதத்தில் தேடினாலும் கிடைக்காது. செய்தித்தாள்களின் நினைவு அயோடினின் ஆயுளோடு முடிந்துவிடுகிறது. மண்ணின் கணக்கோ அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

1945 ஜூலை 16 அன்று நியூ மெக்சிகோவில் முதல் குண்டு வெடித்தது. 1980 அக்டோபரில் சீனா நடத்தியதுதான் திறந்த வெளியில் நடந்த கடைசிச் சோதனை. இடைப்பட்ட காலத்தில் வானத்தில் ஏறிய தூசி உலகம் முழுக்க விழுந்தது. பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் நம் பக்கம் விழுந்தது ஐரோப்பாவைவிடக் குறைவு. ஆனாலும் விழுந்தது. ஏர் படாத காட்டு மண்ணில் மேல் சில அங்குலத்தில் அது இன்றும் இருக்கிறது.

இதைச் சொன்னதும் பயந்துவிடக் கூடாது. மண்ணில் இயற்கையாகவே கதிரியக்கம் உண்டு. உலகச் சராசரியாக ஒரு கிலோ மண்ணில் பொட்டாசியம்-40 மட்டும் 400 பெக்கரல் அளவுக்கு இருக்கும். அதாவது நொடிக்கு 400 அணுச் சிதைவுகள். நாம் வயலில் வீசும் மியூரியேட் ஆப் பொட்டாஷ் உரத்தில் கிலோவுக்குப் பதினாறாயிரம் பெக்கரல் வரை வரும். அதில் யாருக்கும் கேடு வந்ததில்லை. ஆகவே ‘கதிரியக்கம் இருக்கிறதா’ என்று கேட்பதில் பயனில்லை. எது, எவ்வளவு, எங்கிருந்து வந்தது, பயிருக்குள் ஏறுகிறதா? இந்த நாலு கேள்விகளுக்கும் தொடர்ந்து அளந்தால் மட்டுமே விடை கிடைக்கும்.

நாலாவது கேள்வியில்தான் உலகம் இருமுறை பிசகியிருக்கிறது.

பசிபிக் கடலில் மார்ஷல் தீவுகளைச் சேர்ந்த பிகினி பவளத் தீவில் அமெரிக்கா 1946 முதல் 1958 வரை 23 அணுச் சோதனைகள் நடத்தியது. 1954 மார்ச் 1 அன்று வெடித்த ‘பிராவோ’ 15 மெகாடன். கணித்ததைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அங்கு வாழ்ந்த 167 பேரை 1946லேயே வேறு தீவுக்குக் கொண்டுபோய் விட்டிருந்தார்கள். இனி ஊர் திரும்பலாம் என்று 1968ல் அதிபர் ஜான்சன் அறிவித்தார். குப்பையை அகற்றினார்கள், வரிசை வரிசையாகத் தென்னை நட்டார்கள், வீடு கட்டினார்கள். 1970களின் தொடக்கத்தில் சில குடும்பங்கள் திரும்பின. தென்னை காய்த்தது. இளநீரும் தேங்காயும்தான் அங்கே அன்றாட உணவு. ஆண்டுக்கு ஆண்டு அந்த மக்களின் உடலில் சீசியம் ஏறிக்கொண்டே போனது. 1978ல் அவர்களை மறுபடி கப்பலேற்றினார்கள்.

தரைக்கு மேலே கருவியை நீட்டி அளந்தவர்களுக்கு அந்தத் தீவு குடியிருக்கத் தகுந்ததாகத்தான் தெரிந்தது. காரணம் மண்ணுக்குள் இருந்தது. கண்டங்களின் மண்ணில் களிமண் கனிமங்கள் உண்டு. அவற்றில் இல்லைட் என்ற வகை, சீசியத்தைத் தன் அடுக்குகளின் ஓரத்தில் பிடித்து வைத்துக்கொள்ளும். வேருக்கு எளிதில் விடாது. பிகினியின் மண் பவளம் நொறுங்கிய சுண்ணாம்பு மணல். களிமண் கிட்டத்தட்ட இல்லை. சாம்பல்சத்தும் மிகக் குறைவு. தாவரத்தின் வேருக்குப் பொட்டாசியமும் சீசியமும் ஏறக்குறைய ஒன்றுதான். பொட்டாசியம் கிடைக்காத இடத்தில் சீசியத்தை வாரி இழுத்துக்கொள்ளும். தென்னைக்குச் சாம்பல்சத்து எவ்வளவு வேண்டும் என்பது எங்கள் மாவட்டத்தில் மரம் ஏறுகிறவர்களுக்குக்கூடத் தெரியும். பிற்பாடு லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தினர் பிகினித் தென்னைகளுக்குப் பொட்டாஷ் போட்டுப் பார்த்தார்கள். தேங்காயில் சீசியம் பெருமளவு குறைந்தது. தோப்பு நடுவதற்கு முன்பே அந்தப் பவள மண்ணில் பத்து மரத்தை வளர்த்து, காயைப் பறித்து அளந்திருந்தால் அந்தக் குடும்பங்கள் இரண்டாம் தடவை ஊரை இழந்திருக்க மாட்டார்கள்.

எட்டு ஆண்டு கழித்து பிரிட்டனில் நடந்ததும் இதேதான்.

1986 ஏப்ரல் 26 அன்று செர்னோபிலின் நான்காம் உலை வெடித்தது. மே முதல் வாரத்தில் அந்த மேகம் பிரிட்டனைத் தாண்டிப்போனபோது கம்ப்ரியா, வட வேல்ஸ், தென்மேற்கு ஸ்காட்லாந்து மலைகளில் கனமழை கொட்டியது. மேகத்தில் இருந்தது மலைப் புல்லில் இறங்கிவிட்டது. முதலில் கவலைப்பட ஒன்றுமில்லை என்றது அரசு. ஜூன் 20 அன்று, கம்ப்ரியாவிலும் வட வேல்ஸிலும் செம்மறிகளை விற்கவோ இடம் மாற்றவோ அறுக்கவோ கூடாது என்று தடை போட்டது. கிலோ இறைச்சிக்கு 1,000 பெக்கரல் என்பது வரம்பு. தடை மூன்று வாரம்தான் என்று விவசாயிகளிடம் சொன்னார்கள்.

ஒரு கட்டத்தில் பிரிட்டன் முழுக்கச் சுமார் 9,800 பண்ணைகளும் 42 லட்சம் ஆடுகளும் கட்டுப்பாட்டுக்குள் இருந்தன. கடைசிப் பண்ணைக்குத் தடை நீங்கியது 2012 ஜூன் 1 அன்று. மூன்று வாரம் என்றது 26 ஆண்டாயிற்று.

மூன்று வாரக் கணக்கு எங்கிருந்து வந்தது? சமவெளிக் களிமண்ணில் சீசியம் எப்படி நடந்துகொள்ளும் என்பதிலிருந்து. அந்த மலைகளின் மண் வேறு: அமிலத்தன்மையுள்ள, பாதி மட்கிய தாவரம் அடியடியாகப் படிந்த கரிமண். களிமண் மிகக் குறைவு. அங்கே விழுந்த சீசியம் பூட்டிக்கொள்ளவில்லை. வேர் எடுத்தது, புல்லில் ஏறியது, ஆடு தின்றது, சாணமாய் விழுந்தது, மறுபடி வேர் எடுத்தது. பவளத் தீவுக்கும் பனிமலைக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது; ஆனால் இரண்டிலும் களிமண் இல்லை என்ற ஒன்றே போதுமானதாக இருந்தது. தன் மண்ணில் அளக்காமல் பிறர் மண்ணில் அளந்த எண்ணை எடுத்தாண்டதுதான் இரண்டு இடத்திலும் நடந்த தவறு.

கம்ப்ரியா விவசாயிகள் பட்ட பாட்டைச் சமூகவியலாளர் பிரையன் வின் பதிவுசெய்திருக்கிறார். மண் பரிசோதனையில் இருந்தவள் என்ற முறையில் எனக்கு அது வேதனையான வாசிப்பு. நிபுணர்கள் ஊருக்குள் வந்தார்கள். மலை ஆடுகள் சீந்தாத வைக்கோலைப் போட்டு வளர்க்கலாம் என்று ஆலோசனை சொன்னார்கள். பென்டோனைட் என்ற களிமண்ணைத் தூவிப் பார்க்கும் சோதனைக்கு ஆடுகளை வேலிக்குள் அடைத்தார்கள்; திறந்த மலையில் மேய்ந்து பழகிய ஆடு அடைத்தால் மெலியும், கணக்கு தப்பிப்போகும் என்று விவசாயிகள் முன்பே எச்சரித்தார்கள். அந்தச் சோதனை பின்னர் கைவிடப்பட்டது. ஒரே பண்ணையில் ஒரு சரிவுக்கும் அடுத்த சரிவுக்கும் அளவு எவ்வளவு மாறுகிறது என்பதைக் கருவியோடு கூடவே நடந்த விவசாயிதான் முதலில் புரிந்துகொண்டார். எந்த ஓடையோரம் நீர் தேங்கும், எந்த மேட்டில் ஆடு அதிக நேரம் மேயும் என்பது அவருக்குத் தெரியும். அதை யாரும் கேட்டுக் குறித்துக்கொள்ளவில்லை.

இன்னொரு விஷயம் அவர்களை அதைவிடக் காயப்படுத்தியது. அந்த மலைகளின் அடிவாரத்தில்தான் செல்லாஃபீல்டு அணு வளாகம் இருக்கிறது. அதன் பழைய பெயர் விண்ட்ஸ்கேல். 1957 அக்டோபரில் அங்கே உலை தீப்பிடித்தது. சுற்றிலும் சுமார் 500 சதுர கிலோமீட்டரில் கறந்த பாலைக் கீழே ஊற்றினார்கள். அந்த விபத்தின் முழு விசாரணை அறிக்கை 1988 வரை வெளிவரவில்லை. ‘எங்கள் மலையில் இருப்பது செர்னோபிலிலிருந்து வந்ததுதானா, பக்கத்திலிருந்து வந்ததா? 1986க்கு முந்தைய அளவைக் காட்டுங்கள்’ என்று விவசாயிகள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அவர்கள் நம்பும்படி எடுத்துவைக்க மலை மேய்ச்சல் நிலத்தின் பழைய கணக்கு இல்லை. பின்னர் நடந்த ஆய்வில், அங்கிருந்த சீசியத்தில் பாதியளவே செர்னோபிலுடையது, மிச்சம் பழைய குண்டுச் சோதனைகளும் விண்ட்ஸ்கேல் தீயும் விட்டுச்சென்றது என்று தெரிந்தது.

அதைப் பிரித்துச் சொல்ல உதவியது சீசியம்-134. செர்னோபில் தூசியில் சீசியம்-137க்கு ஏறக்குறைய பாதியளவு அது இருந்தது. பழைய தூசியில் இல்லை. ஆனால் சீசியம்-134ன் அரை ஆயுள் இரண்டே ஆண்டு. பத்து ஆண்டு தாமதித்து மண்ணை எடுத்தால் 32ல் ஒரு பங்குதான் மிஞ்சும். யாருடைய தூசி என்று நிரூபிக்கும் சான்று மண்ணுக்குள்ளேயே அழிந்துகொண்டிருக்கிறது. ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்ற சொல்லுக்கு இந்தத் துறையில் இடம் கிடையாது.

பழைய மண்ணைப் பாதுகாத்து வைப்பதன் அருமை இங்கேதான் விளங்கும். இங்கிலாந்தின் ரோதாம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையம் 1843ல் தொடங்கிய பரிசோதனைகளிலிருந்து மண்ணையும் தானியத்தையும் புல்லையும் காயவைத்துப் புட்டிகளில் அடைத்து வைத்திருக்கிறது. இன்று அங்கே இருப்பவை சுமார் 3 லட்சம் மாதிரிகள். அணுகுண்டு என்ற சொல்லையே அறியாத காலத்து மனிதர்கள் உரப் பரிசோதனைக்காக அறுத்து வைத்த புல் அது. அதே நிலையத்தில் 1950களில் அறுத்த புல்லை எடுத்து, பல பத்தாண்டு கழித்துப் புளூட்டோனியத்தை அளந்தார்கள். அமெரிக்காவின் நெவாடா பாலைவனத்தில் அப்போது நடந்த சோதனைகளின் தூசி அட்லாண்டிக்கைத் தாண்டி அந்தப் புல்வெளியில் விழுந்திருந்தது தெரியவந்தது. புல்லை அறுத்தவருக்கும் புட்டியைத் துடைத்து அடுக்கியவருக்கும் இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. என் வேலையில் நான் மிகவும் மதிக்கும் குணம் அதுதான்: என்றோ யாரோ கேட்கப்போகும் கேள்விக்காக இன்று ஒழுங்காகப் பெயர்ச்சீட்டு எழுதி வைப்பது.

நான் வேலை பார்த்த இடத்தில் முடிவு எழுதி அனுப்பியதும் மண்ணைக் கொட்டிவிடுவோம். அலமாரி கிடையாது, விதியும் கிடையாது. ஒவ்வொரு பை மண்ணும் ஒரு விவசாயி வயலில் நாலைந்து இடத்தில் ‘வி’ வடிவக் குழி வெட்டி, ஓரத்தைச் சீவி எடுத்து, சாக்கில் கொட்டிக் கலந்து, நாலாகப் பகுத்து எதிர் எதிர்ப் பங்கைத் தள்ளித் தள்ளி, அரைக் கிலோவாக்கிக் கொண்டுவந்தது. 1963ல் குண்டுச் சோதனைத் தூசி உச்சத்தில் இருந்த காலத்து மண் தமிழ்நாட்டின் ஒவ்வொரு வட்டாரத்திலிருந்தும் ஒரு புட்டியாவது இன்று கையில் இருந்திருந்தால் எத்தனை கேள்விக்கு விடை கிடைத்திருக்கும்! அது போனது போனதுதான். இன்றைய மண்ணையாவது வைத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் என் மன்றாட்டு.

‘இத்தனை வருஷம் ஆகிவிட்டதே, இன்னுமா?’ என்று கேட்பவர்கள் ஜெர்மனியின் பவேரியாவைப் பார்க்க வேண்டும். அங்கே காட்டுப்பன்றி இறைச்சியில் சீசியம் குறையவே மாட்டேன் என்கிறது. மானில் குறைந்துவிட்டது, பன்றியில் இல்லை. 2023ல் வெளியான ஆய்வொன்று 48 மாதிரிகளைப் பார்த்தது. 88 சதவீதத்தில் விற்பனை வரம்பான கிலோவுக்கு 600 பெக்கரலைத் தாண்டியிருந்தது. ஆச்சரியம் அதுவல்ல. அந்தச் சீசியத்தில் 10 முதல் 68 சதவீதம் வரை, செர்னோபிலுக்கு முந்தைய குண்டுச் சோதனைகளிலிருந்து வந்தது. தூசி மிக மெதுவாக மண்ணுக்குள் இறங்கி, மண்ணுக்கடியில் விளையும் ஒருவகைக் காளானை எட்டியிருக்கிறது. குளிர்காலத்தில் பன்றி மண்ணைக் கிண்டித் தின்பது அந்தக் காளானை. அறுபது ஆண்டுக்கு முன் விழுந்தது இன்னும் அந்த ஆழத்தில் இருக்கிறது. மேல் ஐந்து அங்குலத்தை மட்டும் பார்த்துவிட்டு ‘குறைந்துவிட்டது’ என்று எழுதியிருந்தால் இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது.

ஜப்பான்காரர்கள் ஓரளவுக்கு இந்தப் பாடங்களைப் படித்துக்கொண்டார்கள் என்று சொல்வேன். 2011 மார்ச்சில் ஃபுகுஷிமா உலைகள் உருகிய பிறகு, நெல் வயல்களில் சாம்பல்சத்தை அளந்து, குறைந்த இடத்தில் பொட்டாஷ் போட வைத்தார்கள். அரிசியில் சீசியம் ஏறுவது அதனால் வெகுவாகக் குறைந்தது. 2012 முதல் அந்த மாகாணத்தில் விளைந்த அரிசியை ஆண்டுக்குச் சுமார் ஒரு கோடி மூட்டை வீதம், ஒரு மூட்டை விடாமல் சோதித்தார்கள். 2015 அறுவடையிலிருந்து கிலோவுக்கு 100 பெக்கரல் என்ற வரம்பைத் தாண்டியது ஒன்றுமில்லை. 2020ல் பெரும்பாலான இடங்களில் முழுச் சோதனையைக் கைவிட்டு மாதிரிச் சோதனைக்கு மாறினார்கள். அரிசிக்கு அது சரியான முடிவு. மண்ணுக்கு அப்படி முடிவெடுக்க முடியாது. சுரண்டி எடுத்த மேல்மண்ணும் கழிவுமாக ஏறத்தாழ 1.4 கோடி கன மீட்டர், ஓகுமா, ஃபுதாபா ஊர்களில் குவிந்திருக்கிறது. 2045க்குள் மாகாணத்துக்கு வெளியே கொண்டுபோவதாகச் சட்டப்படி வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். சுரண்டாமல் விட்ட காடு அப்படியே நிற்கிறது.

இனி நம் கதை.

அணுமின் நிலையம் இருக்கும் கூடங்குளத்தைச் சுற்றி, ராதாபுரம், திசையன்விளைப் பக்கம் போனவர்களுக்குத் தேரி தெரியும். காற்று குவித்த செம்மணல் மேடு. அள்ளினால் விரலிடுக்கில் ஒழுகும். களிமண் குறைவு, மட்கு குறைவு, சத்துகள் குறைவு. பனையும் முந்திரியும் முருங்கையும் தென்னையும் நிற்கும் மண். பிகினியில் என்ன இல்லையோ, கம்ப்ரியா மலையில் என்ன இல்லையோ, அது இங்கேயும் சொற்பம். தேரியில் இருக்கும் கொஞ்சக் களிமண் சீசியத்தை எவ்வளவு பிடிக்கும், முருங்கைக் கீரைக்கு எவ்வளவு விடும் என்பதை ஐரோப்பியக் களிமண்ணின் எண்ணைக் கொண்டு நிர்ணயிக்கக் கூடாது. தேரியில் அளந்த எண் வேண்டும். கடற்கரை உவர்மண்ணுக்குத் தனி எண், நாங்குநேரிப் பக்கத்துச் செவ்வலுக்குத் தனி எண் வேண்டும். விபத்து வரப்போகிறது என்று நான் சொல்லவில்லை. விபத்து வராத காலத்தில் எழுதிய கணக்குதான் எந்தக் காலத்திலும் சாட்சியாக நிற்கும்.

நம் நாட்டில் ஒன்றும் அளக்கப்படவில்லை என்று சொன்னால் அது அநியாயம். ஒவ்வொரு அணுமின் நிலையத்துக்கும் சுற்றுச்சூழல் ஆய்வகம் உண்டு. கல்பாக்கத்தில் 1983ல் முதல் உலை இயங்கத் தொடங்குவதற்குப் பல ஆண்டு முன்பிருந்தே மண், தண்ணீர், மீன், பால், காய்கறி எல்லாம் எடுத்து அளந்துவருகிறார்கள். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் ஆண்டறிக்கைகளில் பொதுமக்களுக்குப் போய்ச்சேரும் கதிர்வீச்சின் மதிப்பீடு வெளிவருகிறது. ஆண்டுக்கு ஒரு மில்லிசீவர்ட் என்ற வரம்புக்குள்தான் அது இருந்துவருகிறது. அந்த ஆய்வகங்களில் திரவ நைட்ரஜன் ஊற்றி, ஜெர்மானியம் கருவியில் ஒரு டப்பா மண்ணை நாள் முழுக்க வைத்து எண்ணும் பணியாளர்களின் பொறுமை எனக்குத் தெரியும். நான் கேட்பது அவர்கள் வேலையைக் குறை சொல்ல அல்ல. அந்த வேலையின் பலன் ஊருக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக.

‘வரம்புக்குள் இருக்கிறது’ என்பது ஒரு தீர்ப்பு. அதன் பின்னால் இருக்கும் எண்ணை, என் ஊர் மண்ணில் கிலோவுக்கு எத்தனை பெக்கரல், போன வருஷம் எத்தனை, உலை வருவதற்கு முன் எத்தனை என்று, ஒரு விவசாயி தமிழில் படித்துப் பார்க்கும் வடிவில் நான் கண்டதில்லை. மண்வள அட்டையில் சாம்பல்சத்தை எழுதிக் கொடுக்கும் அரசாங்கம், அதே அட்டையில் இன்னொரு வரி எழுத முடியும்.

எண்ணைச் சொன்னால் ஜனங்கள் பயந்துவிடுவார்கள் என்று அதிகாரிகள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். எங்கள் கடற்கரையைப் பாருங்கள். மணவாளக்குறிச்சியிலும் சின்னவிளையிலும் கருமணலில் மோனசைட் உண்டு, அதில் தோரியம் உண்டு. இயற்கையாகவே அங்கே கதிர்வீச்சு அதிகம். சந்தையில் வாங்கிய கையடக்கக் கருவியை அந்த மணலில் வைத்தால் எண் எகிறும். ஒருவர் அதைப் படம் பிடித்து ‘கூடங்குளத்தால் வந்தது’ என்று பரப்புவார். இன்னொருவர் எது கேட்டாலும் ‘எல்லாம் இயற்கைதான்’ என்று வாயடைப்பார். இருவரையும் திருத்த ஒரே வழி நிறமாலைக் கருவி. தோரியத்தின் குடும்பம் வேறு பல ஆற்றல்களில் தெரியும், சீசியம்-137 662 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் தனியாகத் தெரியும். ஒன்றை மற்றதாக எண்ண முடியாது. அந்த வரைபடத்தை ஊராட்சி மன்றச் சுவரில் ஒட்டி, விளங்கும்படி சொன்னால் எங்கள் மீனவர்களும் விவசாயிகளும் புரிந்துகொள்வார்கள். கடலின் நீரோட்டத்தையும் மண்ணின் பதத்தையும் கண்ணால் படிக்கிறவர்களுக்கு ஒரு கோட்டுப்படம் புரியாது என்று நினைப்பது அவர்களை அவமதிப்பது. கம்ப்ரியா விவசாயிகளைக் கலங்கடித்தது எண் அல்ல. எண்ணை மறைத்ததும், தெரியாததைத் தெரிந்ததாகச் சொன்னதும்தான்.

நீலகிரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. உதகைக்கு அருகே சாண்டிநல்லாவில் ஈரக் கரிமண் படுகைகள் உண்டு. செம்மறி இனப்பெருக்க ஆராய்ச்சி நிலையமும் அங்கேயேதான் இருக்கிறது. கம்ப்ரியாவின் மண்ணும் ஆடும் சேர்ந்த அதே அமைப்பு, சிறிய அளவில். உலை எதுவும் பக்கத்தில் இல்லை. குண்டுச் சோதனைக் காலத்துச் சீசியம் நம் ஈரமலையில் என்ன ஆயிற்று என்று அறிய அதைவிட நல்ல இடம் எது? அந்தச் சீசியத்தைக் கொண்டே மலைச்சரிவில் எவ்வளவு மேல்மண் அரித்துப்போனது என்றும் கணக்கிடலாம். அசையாத புல்வெளியில் இருக்கும் அளவையும் தேயிலை, உருளைக்கிழங்குச் சரிவில் மிஞ்சியிருக்கும் அளவையும் ஒப்பிட்டால் 1963க்குப் பிறகு இழந்த மண் தெரியும். சர்வதேச அணுசக்தி முகமை பல நாடுகளில் விவசாயிகளுக்காக இதைச் செய்ய உதவுகிறது. ஒரே மாதிரியில் இரண்டு கேள்விக்குப் பதில் கிடைக்கிறது என்றால் செலவைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை.

கூடங்குளத்தில் மூன்று முதல் ஆறு வரையிலான உலைகள் கட்டப்பட்டுவருகின்றன. ஒவ்வொன்றிலும் எரிபொருள் ஏற்றும் முன் செய்ய வேண்டியதைத்தான் கேட்கிறேன். சுற்றிலும் ஒவ்வொரு மண்வகையிலும் ஏர் படாத ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து எல்லைக்கல் நட வேண்டும்: கோயில் காடு, பள்ளிக்கூட மைதானத்து ஓரம், கல்லறைத் தோட்டம், பழைய பனங்காடு. அரசாங்கம் மாறினாலும் அவ்விடங்களில் யாரும் கை வைக்க மாட்டார்கள். அங்கே ஐந்தாண்டுக்கு ஒருமுறை, இரண்டிரண்டு சென்டிமீட்டராக அரை மீட்டர் ஆழம் வரை மண்ணை வெட்டியெடுக்க வேண்டும். பக்கத்திலேயே வளரும் முருங்கைக் கீரையும் தேங்காயும் கூடவே போக வேண்டும். எடுக்கும்போது அந்த ஊர் விவசாயிகள் நால்வர் கூட நிற்க வேண்டும். எங்கே தண்ணீர் வடியும், எங்கே மணல் நகரும் என்று அவர்கள் சொல்வது குறிப்பேட்டில் ஏற வேண்டும். ஒவ்வொரு மாதிரியிலும் மூன்று புட்டி: ஒன்று அணுமின் நிலைய ஆய்வகத்துக்கு, ஒன்று அதோடு சம்பந்தமில்லாத ஒரு பல்கலைக்கழகத்துக்கு, ஒன்று யாரும் திறக்காமல் மாநில வேளாண் துறையின் காப்பறைக்கு. முடிவு வந்த மாதத்திலேயே கிராம சபையில் தமிழில் வாசிக்க வேண்டும். இதற்கு ஒதுக்கும் பணம் ஆண்டுதோறும் வரவுசெலவில் இழுபடாமல், உலை விற்கும் மின்சாரத்தின் ஒவ்வொரு அலகிலிருந்தும் ஒரு சிறு பங்காகத் தனி நிதியில் சேர வேண்டும். உலையை மூடிய பிறகும், குறைந்தது 2125 வரை, அந்த நிதி தாங்க வேண்டும்.

சட்டமன்றத்தில் எங்கள் மாவட்டங்களின் உறுப்பினர்கள் இருக்கிறார்கள். அடுத்த கூட்டத்தொடரில் வேளாண் மானியக் கோரிக்கை வரும்போது அவர்களில் ஒருவராவது எழுந்து கேட்க வேண்டும்: திறக்காத மூன்றாவது புட்டியை வைக்க ஒரு காப்பறையும், அதற்குப் பெயர்ச்சீட்டு எழுத ஓர் ஊழியரும், எந்த ஊரில், எந்தத் தேதிக்குள்?